லோஷினியின் ஞானஸ்நானம்

பிப்ரவரி 3, கிள்ளான்

வந்து சேர்ந்துவிட்டேன். கோலாலம்பூர் விமான நிலையத்தில் பாஸ்டர் குணா என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘ஹெப்சிபா’வில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. வேனில் வரும்போது அதிகம் பேசவில்லை. நன்றாகத் தூங்குங்கள், புதன்கிழமை காலையிலிருந்து வேலை என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் தந்திருக்கும் அறை ஒரு கடைவரிசையின் மாடியில். கீழே டயர்க் கடை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். அறையில் ஏற்கனவே ஒரு கொரியாக்காரப் பெண் இருக்கிறாள். பெயர் மின்ஜி. என்னைப் போலவே ஆறு மாத ஊழியத்துக்கு வந்தவள். என்னைக் கண்டதும் சிரித்து, தன் அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்தாள்.

போன ஞாயிறு நாசரேத்துப் பக்கம் எங்கள் ஊர்ச் சபையில் என்னை முழங்காலிடச் செய்து தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கர்த்தர் இவளை வேறொரு காரியத்துக்காகப் பிரித்தெடுத்திருக்கிறார் என்று குருவானவர் சொன்னபோது பெண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வரும்போது மூத்த அத்தை என் கையைப் பிடித்து, “அங்க போனா எல்லாம் மறந்துரும்ட்டி” என்றாள். எதைச் சொன்னாளோ.

பிப்ரவரி 5

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மேம்பாலத்துக்கு அடியில் காலை உணவு. பெரிய அண்டாவில் கஞ்சி, பொரித்த நெத்திலி, தேநீர். வீடில்லாதவர்கள், வேலையிடத்திலிருந்து ஓடிவந்தவர்கள், பசை முகர்ந்து கண் சிவந்திருக்கும் இளைஞர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். பாதிப் பேர் தமிழர்கள். கைப்பையில் ஐம்பது துண்டுப் பிரசுரங்கள் கொண்டுபோயிருந்தேன். ஒருவர் வாங்கி, நாலாக மடித்து, ஆடும் மேஜைக்காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது.

பாஸ்டர் குணாவுக்கு ஒரு விதி உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் கூடாது. சாப்பிட்டு முடித்த பிறகு, விரும்புகிறவர்கள் இருக்கலாம். இன்று நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 8

சனிக்கிழமை. மாடிக் கூடத்தில் வாலிபர் கூடுகை. கித்தார், கேரம் பலகை, பாட்டு, அரைமணி நேர வேதபாடம். பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் கேரமுக்காகத்தான்.

கதவோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. பெயர் லோஷினி. கார் கழுவும் கடையில் வேலை செய்கிறாள், விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. பாடவில்லை, கை தட்டவில்லை. முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, “அக்கா, ஒங்க பாஸ்போர்ட்ட நான் பாக்கலாமா?” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள், வெற்றுப் பக்கங்களையும்கூட. திருப்பித் தரும்போது படம் நன்றாக இல்லை என்றாள்.

ஊரிலிருந்து அம்மா அழைத்திருந்தாள். எடுக்க முடியவில்லை. கூடத்தில் சத்தம்.

பிப்ரவரி 19

காலை கஞ்சி. மதியம் அண்டா கழுவுதல். மாலை அடுக்குமாடியில் வீடு வீடாகப் போனோம். பன்னிரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. மின்ஜி அங்கேயே கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஊரில் வீட்டுக் கொல்லையில் காயப்போட்டிருந்த வடாம் ஏனோ ஞாபகம் வந்தது.

மார்ச் 1

லோஷினி ஒரு சனிக்கிழமைகூட விடுவதில்லை. வேதபாடத்தில் அவள் கேட்கும் கேள்விகள் எனக்கு இரண்டு நாள் வேலை வைக்கின்றன. மரியாளும் யோசேப்பும் பெத்லகேமுக்குப் பேர் பதியப் போனார்களே, பேர் பதியாமல் விட்டிருந்தால் இயேசு எந்த ஊர்க்காரர் என்று எப்படித் தெரியும் என்று இன்று கேட்டாள். கேரம் விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தேவனுக்குத் தெரியும் என்றேன். சாமிக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியணுமே என்றாள்.

அவளுக்கு ஐசி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இங்கே ஐசி என்றால் அடையாள அட்டை. பிறப்பைப் பதியவே இல்லையாம். அதனால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோனது. ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலைக்கு எடுக்காது. போலீஸ் மறித்தால் எந்த நாட்டுக்காரி என்று நிரூபிக்க ஒன்றுமில்லை. அம்மா ஒரு நாள் லீவு போட்டுப் பதிவு அலுவலகத்துக்கு வந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும், அவளுக்கு என்மேல் அக்கறையே இல்லை என்று லோஷினி அழாமல் சொன்னாள்.

மார்ச் 15

லோஷினி ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறாள்!

அவளாகவே வந்து கேட்டாள். ஈஸ்டர் ஞாயிறு அன்று எடுக்கலாமா என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர்ச் சபைக் குழுவுக்கு உடனே குரல் செய்தி அனுப்பினேன். அரைமணி நேரத்தில் நாற்பது ஸ்தோத்திரம் வந்துவிட்டது. குருவானவர், நாளை ஆராதனையில் அவள் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம், ஞானஸ்நானப் படம் அனுப்பு என்று எழுதியிருக்கிறார். ஆறே வாரத்தில் ஓர் ஆத்துமா. என்னை அனுப்பியது வீணில்லை என்று இனி எல்லாரும் தெரிந்துகொள்வார்கள்.

பிறகு ஏணிப்படியில் இறங்கும்போது லோஷினி கேட்டது இது: “அந்த ஞானஸ்நானப் பத்திரத்துல என் பேரு, பொறந்த தேதி, அம்மா பேரு எல்லாம் போட்டு முத்திரை குத்துவாங்கதானே அக்கா?”

ஆமாம் என்றேன். அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனாள்.

மார்ச் 17

பாஸ்டர் குணாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். பதினெட்டு ஆகவில்லை, தாயார் சம்மதம் வேண்டும், போய்க் கேட்டு வாருங்கள் என்றார். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று தெரியுமா என்றும் கேட்டார். இரட்சிப்புக்காக என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மார்ச் 20

லோஷினியின் அம்மா பெயர் அஞ்சலை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவுகிறார். கடையின் பின்கதவில் காத்திருந்து பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

சண்டைக்கு வருவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். சாமி விஷயத்தில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. பிள்ளை உங்களிடம் வந்த பிறகு கெட்ட கூட்டத்தோடு சுற்றுவதில்லை, அதற்கே புண்ணியம் என்றார்.

“எந்தச் சாமிய வேணாலும் கும்பிடட்டும் சிஸ்டர். பேரு எழுதுறது மட்டும் வேணாம்.”

“ஏம்மா?”

“அம்மா பேருன்னு ஒரு எடம் இருக்கும்ல.”

அதோடு உள்ளே போய்விட்டார். தட்டுகள் விழும் சத்தம் கேட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மார்ச் 21

குருவானவர் தேதி உறுதியா என்று கேட்டிருக்கிறார். பதில் போடவில்லை. அம்மாவும் இருமுறை அழைத்தாள். தலைவலி.

மார்ச் 26

இன்று கஞ்சி விநியோகம் முடிந்து பாத்திரம் கழுவும்போது அஞ்சலையம்மா பாலத்தடிக்கு வந்தார். எதுவும் கேட்காமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தி அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினார். நான் அரைமணி நேரம் தேய்ப்பதை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். பிறகு அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

லோஷினி அவர் பெற்ற பிள்ளை இல்லை.

பந்திங் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்த காலம். சுவர் ஒட்டிய அடுத்த லயத்து வீட்டில் எங்கிருந்தோ வந்து தங்கிய ஒரு பெண் பிள்ளை பெற்றாள். ஊர் பெயர் சொன்னதில்லை. சொன்ன பெயரும் உண்மைதானா, தெரியாது. ஒரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போனவள் திரும்பவில்லை. அஞ்சலையின் புருஷன் அடுத்த வருஷமே அவரை விட்டுப் போய்விட்டான். தோட்டத்தை விற்று, வீடுகளை இடித்து, எல்லாரையும் வெளியேற்றியபோது இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டார்.

பதியப் போனால் இரத்தப் பரிசோதனை கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். பெற்ற தாய் இல்லை என்று தெரிந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளியிருக்கிறார்.

“அக்கறயில்லாத அம்மான்னு அது நெனைக்குது. நெனைச்சுட்டுப் போகட்டும் சிஸ்டர். அம்மான்னுதானே நெனைக்குது.”

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். தலையாட்டினேன்.

ஏப்ரல் 1

தூக்கம் சரியில்லை. மின்ஜி என்ன கவலை என்று கேட்டாள். டயர் நாற்றம் என்றேன். ஜன்னல் மூடியிருக்கிறதே என்றாள்.

ஏப்ரல் 3

பெயர் எதுவும் சொல்லாமல், பாஸ்டருக்குத் தெரிந்த லாயர் நளாயினியிடம் கேட்டேன். இப்படிப்பட்ட வழக்குகளை இலவசமாக எடுத்து நடத்துபவர். அவர் சொன்னது: பெற்றவள் என்று ஒரு பொய்த் தாய் இருக்கும்வரை எந்தக் கதவும் திறக்காது. கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோர் யாரென்று தெரியாது என்ற உண்மையோடு வந்தால் வழக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷக்கணக்காகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் வயது ஏற ஏற வழி குறுகும்.

நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போய் அஞ்சலையம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா என்று யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஊழியக்காரி, உண்மையைச் சொல்வதுதானே வேலை என்று ஓடினேன். அவர் கையில் இருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், அடுத்த தட்டை எடுத்தார். அதையும் கழுவி முடித்து, “நான் சொன்னாத்தான் அதுக்கு வழி பொறக்கும், அப்படித்தானே?” என்று கேட்டார்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 8

அஞ்சலையம்மா லோஷினியிடம் சொல்லிவிட்டார். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். மத்தியானம் மாடிக் கூடத்தில், நாற்காலிகளை ஓரமாக அடுக்கியிருந்த இடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் லாயர் சொன்னதிலிருந்து தொடங்கினார். ஐசி கிடைக்க வழியிருக்கிறது என்றதும் லோஷினியின் முகம் எப்படி மலர்ந்தது! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது.

லோஷினி கத்தவில்லை. எழுந்து நின்றாள்.

“அப்ப, எனக்கு யாருமே இல்லன்னு எழுதிக் குடுத்தாத்தான் ஐசி. சரிதானே அக்கா?”

என்னைத்தான் கேட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 10

வீட்டுக்கு வரவில்லை. கார் கழுவும் கடைக்கும் போகவில்லை. பாஸ்டர் வேனை எடுத்துக்கொண்டு ரயில் நிலையங்கள், அவள் சிநேகிதிகள் வீடுகள் என்று சுற்றுகிறார். போலீசில் புகார் கொடுக்கத் தயங்குகிறோம். கண்டுபிடித்தால் அட்டை இல்லாதவள் என்று தடுப்புக் காவலில் வைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அஞ்சலையம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டு விடியற்காலையே பாலத்தடிக்கு வந்துவிடுகிறார். யாரைப் பற்றிய செய்தியும் முதலில் இந்த வரிசைக்குத்தான் வருமாம். கஞ்சி ஊற்றிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் விசாரிக்கிறார். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 11

பாஸ்டர் குணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் இங்கே வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள், எதிலிருந்து என்று நான் கேட்க மாட்டேன், ஆனால் ஓடுகிறவர்கள் கையில் பிடித்திருக்கும் பாத்திரம் தளும்பும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் எதிலிருந்தும் ஓடிவரவில்லை. அழைப்பு வந்தது, வந்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 13

வந்துவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் கஞ்சி. வரிசையின் கடைசியில், தொப்பி போட்டுத் தட்டேந்தி நின்றவள் லோஷினி என்று அஞ்சலையம்மாவின் கரண்டிக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அஞ்சலையம்மா கஞ்சியை ஊற்றினார், நெத்திலியை மற்றவர்களுக்கு வைப்பதைவிட இரண்டு மடங்கு வைத்தார். லோஷினி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டு முடித்தாள்.

பிறகு என்னிடம் பேசுவது போலச் சொன்னாள். பந்திங்குக்குப் போயிருக்கிறாள். தோட்டம் இல்லை. அங்கே மதில் கட்டிய புது வீடுகள். வாசலில் காவலாளி மறித்து, உள்ளே போக வேண்டுமென்றால் ஐசியைக் கொடு என்றானாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் அப்படியே அஞ்சலையம்மா பக்கம் திரும்பினாள்.

“பெத்தவளே போட்டுட்டுப் போயிட்டா. நீ எதுக்கு என்னத் தூக்கின?”

அஞ்சலையம்மா கரண்டியை அண்டாவுக்குள் வைத்தார்.

“என் புள்ள பொறந்து ஏழாம் நாளு போயிருச்சு. பால் நிக்கல. நெஞ்செல்லாம் கட்டிக்கிட்டுக் காய்ச்சல். நீ செவுத்துக்கு அந்தப் பக்கம் அழுதுகிட்டே இருந்த.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “நான்தான் ஒன்னத் தூக்குனேன்னு இல்ல. ரெண்டு பேருக்கும் வேணும்னு இருந்துச்சு” என்றார்.

வரிசையில் நின்ற ஒருவர் தட்டை நீட்டியபடியே காத்திருந்தார். நான் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது. ஊற்றி முடித்துத் திரும்பியபோது இருவரும் அங்கே இல்லை. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 20

ஈஸ்டர். ஞானஸ்நானம் இல்லை.

லோஷினி ஆராதனைக்கு வந்தாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பத்திரம் இப்போது தனக்குத் தேவையில்லை, இயேசு தேவையா என்று இன்னும் யோசிக்கவில்லை, யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவசரம் இல்லை என்றேன். அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

ஊர்ச் சபைக் குழுவில் குருவானவருக்கு எழுதினேன். படம் இல்லை, எண்ணிக்கை இல்லை, ஒரு பிள்ளைக்காகவும் ஒரு தாய்க்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள் என்று மட்டும். அவரிடமிருந்து ஒரு கைகூப்பிய படம் வந்தது. குழுவில் வேறு யாரும் ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 24

இன்று விசேஷமாக ஒன்றுமில்லை. காலையிலிருந்து எல்லா அண்டாக்களையும் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்து முடித்ததையே மறுபடி தேய்த்தேன். மின்ஜி வந்து பார்த்துவிட்டு, ஒரு நார் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு அம்மா அழைத்தாள். எடுத்தேன். அம்மா, “ஏட்டி, அந்தக் கல்யாணப் பட்ட அண்ணிக்குக் குடுத்துரட்டுமா? பீரோவத் தொறக்கும்போதெல்லாம் கண்ணுல படுது” என்றாள். குடுத்துருங்க என்றேன். ஜனவரியில் கல்யாணத்தை நிறுத்தியவர் கனடாவுக்கே போய்விட்டாராம், அம்மாவாகச் சொன்னாள். நடந்திருந்தால் இன்று இந்நேரம் கோயில் மணி அடித்திருக்கும் என்று சொல்லி அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். ஜனவரியிலிருந்து அம்மா முன்னால் நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பேசி முடிக்கும்போது கஞ்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டாள். ஒவ்வொருவரைப் பற்றியும் சொன்னேன்.

மே 12

லாயர் நளாயினியின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே. அஞ்சலையம்மா துவைத்து மடித்த நீலச் சேலை கட்டி வந்திருந்தார். லோஷினி முடியை இழுத்து வாரியிருந்தாள். இவளை நான் பெறவில்லை என்று அஞ்சலையம்மா சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இன்று அதை எழுதி முடிக்கும் நாள். பாஸ்டர் கீழே வேனில் இருந்தார்.

லாயர் அன்பானவர்தான். ஆனால் கேள்விகளைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். எந்த வருஷம், எந்தத் தோட்டம், அந்தப் பெண் எப்படி இருப்பாள், குழந்தை உடம்பில் என்ன சுற்றியிருந்தது. அஞ்சலையம்மா எல்லாவற்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னார். ஒரு மஞ்சள் துண்டு என்றார். லோஷினி அதைக் கேட்டதும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

பிறகு லாயர் லோஷினியிடம், “பக்கத்துல ஒக்காந்திருக்கவங்க ஒனக்கு என்ன ஒறவு?” என்று கேட்டார்.

“அம்மா.”

லாயர் பேனாவைக் கீழே வைத்தார். இந்தப் பத்திரமே அதற்கு நேர்மாறாகச் சொல்லத்தான், வளர்த்தவர் என்று நீ சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்று விளக்கினார்.

“நீங்க அப்படியே எழுதிக்குங்க, லாயர். அது கேசுக்கு. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்.”

லாயர் பேனாவை மறுபடி எடுத்து எழுதினார். படித்துக் காட்டினார். மை அட்டையை நகர்த்தி வைத்தார். அஞ்சலையம்மாவின் கட்டைவிரல் ரேகை பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அழிந்துபோயிருந்தது. முதல் தடவை ஒரு கறுப்புப் பொட்டு மட்டும்தான் விழுந்தது. இரண்டாம் தடவை லோஷினி அவர் விரலைப் பிடித்து அழுத்தி, பக்கவாட்டில் மெல்ல உருட்டினாள். கொஞ்சம் கோடுகள் தெரிந்தன. போதும் என்றார் லாயர்.

அஞ்சலையம்மா மை விரலைச் சேலை முந்தானைக்குக் கொண்டுபோனார்.

“சேலையில தொடைக்காத, போவாது. எத்தன தடவ சொல்றது?” என்று லோஷினி அவர் கையைப் பிடுங்கி, மேஜையிலிருந்த ஈரத்தாளை எடுத்துத் துடைத்தாள். மை அழுத்தமாகப் பிடித்திருந்தது. அவள் திட்டிக்கொண்டே துடைத்தாள். அஞ்சலையம்மா கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.